பின் அச்சு சுடுகிறதா? லொறி வைத்திருப்போர் கவனத்துக்கு

யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருக்கும் எவரும் லொறியை நம்பித்தான் கடை திறக்கிறார். சீமெந்து, கம்பி, மா, சீனி, துணிமணி எல்லாம் தெற்கிலிருந்து ஏ9 வீதியால் வருகின்றன. இங்கிருந்து வெங்காயம், புகையிலை, வாழைக்குலை, கடலுணவு என்பன அதே வீதியால் போகின்றன. 2014 ஒக்டோபரில் ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது உண்மைதான். ஆனாலும் கடை வாசலில் மூட்டையை இறக்குவது இன்றைக்கும் லொறிதான்.

இந்த வீதியின் அருமை நமது வியாபாரிகளுக்கு நன்றாகவே தெரியும். 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, கடையையும் கையிருப்பையும் மட்டுமல்ல, வாசலில் நின்ற வாகனத்தையும் விட்டுவிட்டுப் போனவர்கள் பலர். 2002 இல் ஏ9 திறந்தபோது வாடகை லொறியில் பாரம் ஏற்றி வந்து வியாபாரத்தை மீண்டும் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டது. 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர் படிப்படியாகத் திறந்தது. அதன் பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்து, லீசிங் போட்டு, ஒரு லொறியை வாங்கி நிறுத்தியவர்களுக்கு அந்த வாகனம்தான் முதல். அந்த முதலைத் தின்னும் ஒரு பழுதைப் பற்றித்தான் இவ்வாரம் எழுதுகிறேன்.

என்ஜின் சூடானால் சாரதிக்கு உடனே தெரியும். கண்ணுக்கு முன்னால் முள் ஏறும், ஆவி பறக்கும். பின் அச்சின் நடுவில் பானை போலத் தொங்கும் டிபரன்ஷல் சூடானால் சொல்வதற்கு முள்ளும் இல்லை, விளக்கும் இல்லை. அது சத்தம் போட்டுச் சொல்லும் நேரத்தில் உள்ளே பல் போய்விட்டிருக்கும். பாரத்தோடு போகும்போதும், பின்னால் ஒன்றைக் கட்டி இழுக்கும்போதும்தான் இது நடக்கிறது. அதாவது, நாம் காசு உழைக்கும் நேரத்தில் நடக்கிறது.

இப்போது ஏன் இந்தக் கவலை?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் மீண்டும் வழி திறந்தபோது வரியும் உயர்ந்திருந்தது, டொலரும் உயர்ந்திருந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை போனதை நாம் மறக்கவில்லை. ஆகவே ஐந்து வருடத்தில் விற்றுவிட்டு வேறு எடுக்கலாம் என்று வாங்கிய லொறியைப் பத்து, பதினைந்து வருடம் ஓட்ட வேண்டிய நிலை வந்தது. நமது பகுதியில் ஓடும் இசுசு எல்ப், கன்டர், டாடா, அசோக் லேலண்ட் வாகனங்களில் பெரும்பாலானவை வயது போனவை. வயது போன அச்சில் பாரம் மட்டும் குறையவில்லை. பழுதானால் பஞ்சிகாவத்தையில் ஒரு பாவித்த டிபரன்ஷல் தேடிப் பிடிக்கும் விலை, ஒரு சிறு வியாபாரியின் பல நடை லாபத்தைச் சாப்பிட்டு விடுகிறது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடுதல் தூரம் ஓட வேண்டும், உட்பக்கச் சில்லு குறைந்த தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் ஒன்று இழுபட்டு ரயர் தேயும். இரண்டுக்கும் பலத்தைக் கொடுத்து, வேகத்தை மட்டும் வேறுபட விடும் பற்சில்லுத் தொகுதிதான் டிபரன்ஷல். 1827 இல் பெக்கர் என்ற பிரெஞ்சு மணிக்கூட்டுத் தொழிலாளி நீராவி வண்டிக்காக இதற்கு உரிமம் எடுத்தார். மணிக்கூடு செய்த கையிலிருந்து வந்த யோசனை இன்று நமது லொறியின் கீழே சுற்றுகிறது.

அதே பெட்டிக்குள் இன்னொரு வேலையும் நடக்கிறது. என்ஜினிலிருந்து வரும் சாப்ட் நீளவாக்கில் சுற்றுகிறது. சில்லு குறுக்குவாக்கில் சுற்ற வேண்டும். சாப்டின் நுனியில் உள்ள சிறிய பல் பினியன். அது சுற்றிவிடும் பெரிய வளையம் கிறவுண் வீல். பினியனில் 7 பல்லும் கிறவுணில் 41 பல்லும் இருந்தால், சாப்ட் 5.857 சுற்றுச் சுற்றினால்தான் சில்லு ஒரு சுற்றுச் சுற்றும். வேகம் குறைகிறது, இழுவைப் பலம் கூடுகிறது.

இந்தப் பற்கள் நேராக ஒன்றை ஒன்று தள்ளுவதில்லை. பினியன், கிறவுணின் மத்திக்குச் சற்றுக் கீழே அமைந்திருப்பதால் பல் மேல் பல் வழுக்கிக்கொண்டே அழுத்துகிறது. இந்த முறைக்கு ஹைபோயிட் என்று பெயர். 1920களில் அமெரிக்காவில் கிளீசன் கம்பெனி இதை உருவாக்கியது. பல் பலமானது, சத்தம் குறைவு. ஆனால் வழுக்கல் என்றால் உராய்வு, உராய்வு என்றால் சூடு. அந்த வழுக்கலைத் தாங்குவது பல்லுக்கு இடையில் நிற்கும் ஒரு மெல்லிய ஒயில் படலம்தான்.

சூடு எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாரத்தோடு ஓடும் ஒரு நடுத்தர லொறியின் பின் அச்சுக்கு 50 குதிரை வலு போகிறது என்று வைத்துக் கொள்வோம். அது ஏறத்தாழ 37 கிலோவாற். அதில் நூற்றுக்கு நான்கு பங்கு உராய்வில் போனால் ஒன்றரைக் கிலோவாற். வீட்டில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கேத்தலின் அளவு அது. ஒரு கேத்தலை நாலைந்து லீற்றர் ஒயிலுக்குள் போட்டு, வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏறத்தாழ 140 கிலோ மீற்றரும் நிறுத்தாமல் எரிய விட்டால் எப்படி இருக்கும்? அதுதான் அங்கே நடக்கிறது. 100 குதிரை வலு போனால் கேத்தல் இரண்டாகும். அந்தச் சூடு முழுவதும் பெட்டியின் வெளிப்புறத்தால், ஓடும் காற்றில் மட்டுமே ஆற வேண்டும். றேடியேற்றர் என்று ஒன்று அங்கே கிடையாது.

மேடில்லாத வீதியில் சூடு வருமா?

“கண்டிப் பக்கம் போனால்தானே சூடாகும், எங்களுடைய வீதி தட்டையானதுதானே” என்று பலர் சொல்வார்கள். இது பாதி உண்மை. மலையில் ஏறும்போது பலம் கூடுதலாகப் போகிறது. ஆனால் ஏற்றம் முடிந்ததும் இறக்கம் வரும், அச்சு ஆறும். வவுனியாவுக்கு வடக்கே வீதி நேராகப் போகிறது. புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று கால் எடுக்காமல் ஓட்டலாம். சூடு ஏறிக்கொண்டே போகும், ஆறுவதற்கு இடமே வராது. அதற்கு மேல் மதிய வெயில், வீதியிலிருந்து எழும் அனல்.

வேகத்தின் கணக்கும் இருக்கிறது. கெபினுக்கு மேலே உயர்த்தி ஏற்றித் தார்ப்பாய் கட்டிய லொறி, காற்றை மார்பால் தள்ளிக்கொண்டு போகிறது. காற்றைத் தள்ளத் தேவையான பலம், வேகத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். 60 கிலோ மீற்றர் வேகத்திலிருந்து 80 க்குப் போனால், காற்றுக்கு மட்டும் தேவைப்படும் பலம் இரண்டு மடங்கைத் தாண்டும். 20 கிலோ மீற்றரைக் குறைத்தால் டீசலும் மிச்சம், பின் அச்சும் மிச்சம்.

பின்னால் கட்டி இழுப்பவர்களுக்கு

ஒரு வாகனம் சுமக்கும் பாரம் வேறு, இழுக்கும் பாரம் வேறு. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள நமது உறவினர்கள் விடுமுறைக்குப் பிக்கப் வாகனத்தின் பின்னால் ஒரு சிறிய வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு போவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த நாடுகளில் பின் அச்சுச் சூடு என்பது வாகனக்காரர்கள் அடிக்கடி பேசும் விஷயம். அமெரிக்கப் பொறியியலாளர் சங்கம் 2008 இல் ஜே2807 என்ற இழுவை விதியை வெளியிட்டது. அதன் ஒரு பரீட்சை அரிசோனாவில் உள்ள டேவிஸ் அணைக்கட்டு ஏற்றத்தை அளவாகக் கொண்டது. 11 மைலுக்கு மேல் தொடர்ச்சியான ஏற்றம், பாலைவன வெயில், குளிரூட்டியைப் போட்டபடி, முழு இழுவைப் பாரத்தோடு குறித்த வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும். ஆகவே கம்பெனி ஒன்று “இந்த வாகனம் இவ்வளவு இழுக்கும்” என்று எழுதுவது சும்மா போட்ட எண் அல்ல. அதற்கு மேல் கட்டினால் எங்கே உடையும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நம்மிடம் வீடு இழுப்பவர்கள் இல்லை. ஆனால் டபிள் கெப்பில் தண்ணீர் பவுசர் இழுக்கிறார்கள், ஜெனரேற்றர் இழுக்கிறார்கள், மயிலிட்டியிலும் பருத்தித்துறையிலும் படகு ரெயிலர் இழுக்கிறார்கள். வழியில் பழுதாகி நிற்கும் லொறியைப் பாரத்தோடு இருக்கும் இன்னொரு லொறி கட்டி இழுப்பதும் ஏ9 இல் புதிய காட்சி அல்ல. இது மனிதாபிமான உதவி, செய்ய வேண்டியதுதான். ஆனால் அதைக் கிட்ட உள்ள கராஜ் வரை, மெதுவாக, கீழ்க் கியரில் செய்ய வேண்டும். தன் பாரத்தோடு இன்னொருவருடைய பாரத்தையும் நூறு கிலோ மீற்றர் இழுத்து வந்தால், உதவி செய்தவருடைய அச்சும் போய்விடும்.

ரெயிலர் கட்டுபவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, ரெயிலரின் மொத்தப் பாரத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியின் மேல் இறங்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் ரெயிலர் வால் ஆட்டும். கூடினால் வாகனத்தின் பின்பக்கம் அமுங்கி முன் சில்லு இலேசாகிவிடும். இரண்டாவது, மேல் கியரில் என்ஜின் முக்கி முனகிக்கொண்டு இழுக்க விடக் கூடாது. முனகும் நேரத்தில் பல்லின் மேல் அழுத்தம் கூடுதல், பல் சுற்றும் வேகம் குறைவு. ஒயில் படலம் நசுங்குவது அப்போதுதான்.

புதுப் பல்லுக்குப் பாரம் காட்டாதீர்கள்

எனக்குத் தெரிந்த நானா ஒருவர் புத்தளத்திலிருந்து சீமெந்து ஏற்றுபவர். கிறவுணும் பினியனும் புதிதாகப் போட்டு, கராஜிலிருந்து லொறியை எடுத்த மறுநாளே முழுப் பாரம் ஏற்றி அனுப்பினார். மாங்குளம் தாண்டியதும் சாரதி தொலைபேசியில், “முதலாளி, பின்னுக்குக் கருகின மணம் வருது” என்றார். நிறுத்திப் பார்த்தால் பெட்டியில் தெளித்த தண்ணீர் சீறுகிறது. பினியன் சீலால் ஒயில் வடிகிறது. புதிய சாமானில் பழுது வராது என்பது நானாவின் எண்ணம். கராஜ்காரரோ எதுவும் சொல்லி அனுப்பவில்லை. சீமெந்தை வேறு லொறிக்கு மாற்றி இறக்கிய கூலியும், மீண்டும் பெட்டி திறந்த கூலியும் சேர்ந்து அந்த மாத லாபம் போயிற்று.

யாழ்ப்பாணத்தில் பல வருடம் பல் போட்டுப் பழுத்த ஒரு பாஸிடம் இதைச் சொன்னேன். “நானா, புதுப் பல் என்றால் புதுச் செருப்பு மாதிரி. வீட்டுக்குள்ள நடந்து பழகிப்போட்டுத்தான் தூரம் நடக்க வேணும்” என்றார். பெட்டி திறக்காத முதலாளிக்கும் விளங்கும் பேச்சு இது.

விஷயம் இதுதான். புதிய பல்லின் மேற்பரப்பு கண்ணுக்கு மினுங்கினாலும் கரடுமுரடானது. ஒன்றோடொன்று உரசி மட்டமாகும் வரை சாதாரணத்தை விடக் கூடுதலாகச் சூடாகும். பல் தயாரிப்போர் சொல்லும் முறை ஏறத்தாழ ஒன்றுதான். முதலில் 25, 30 கிலோ மீற்றர் வெறுமையாக ஓட்டி, அரை மணித்தியாலம் ஆற விட வேண்டும். இதைச் சில தடவை செய்ய வேண்டும். முதல் 800 கிலோ மீற்றருக்கு முழுப் பாரமும் இழுவையும் கூடாது. அதன் பின் ஒயிலை முழுதாக வடித்துப் புதிது ஊற்ற வேண்டும். வடித்த ஒயிலில் உரசிய உலோகத் தூள் இருக்கும். அதை விட்டு வைத்தால் அரம் போல வேலை செய்யும்.

800 கிலோ மீற்றர் என்பது யாழ்ப்பாணம் - கொழும்பு போய் வரும் தூரம். அந்த ஒரு நடையை இலேசான சாமானுக்கு, பிஸ்கட் பெட்டிக்கோ பிளாஸ்ரிக் சாமானுக்கோ, ஒதுக்கினால் போதும். பெரிய நட்டம் எதுவும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிறவுணும் பினியனும் தொழிற்சாலையில் சோடியாக உரசிப் பழக்கப்பட்டவை. ஒரு பெட்டியின் பினியனையும் இன்னொரு பெட்டியின் கிறவுணையும் சேர்த்துப் போட்டால் சத்தமும் சூடும் தீராது. பாவித்த சாமான் வாங்கும்போது சோடியாக வாங்குங்கள். பல்லை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். பல்லில் நீல நிறம் ஓடியிருந்தால் அது ஒரு தடவை வெந்த இரும்பு. 300 பாகை அளவில் சூடேறினால்தான் உருக்கு நீலமாகும். விலை குறைவென்று அதை எடுக்க வேண்டாம்.

சீல் மாற்றும் சிறிய வேலையிலும் பெரிய பழுது வருவதுண்டு. பினியன் நட்டைக் கழற்றி, திரும்பப் பூட்டும்போது “நல்லா இறுக்கட்டும்” என்று நீளக் குழாய் போட்டு இறுக்கினால், உள்ளே பெயாரிங்கின் அழுத்தம் கூடிவிடும். சில வாகனங்களில் அதற்குள் நசுங்கும் குழாய் ஒன்று இருக்கிறது. ஒரு தடவை மிதமிஞ்சி நசுங்கினால் பழைய அளவுக்குத் திரும்பாது. கழற்ற முன்னர் நட்டிலும் தண்டிலும் அடையாளம் போட்டு, அதே இடத்துக்குப் பூட்டும் பாஸைத் தேடிப் போங்கள்.

ஒயிலில் லாபம் பார்க்க வேண்டாம்

ஸ்ரான்லி வீதியில் எந்த உதிரிப்பாகக் கடைக்குப் போனாலும் கியர் ஒயில் கிடைக்கும். போத்தலில் ஜீஎல் 4, ஜீஎல் 5 என்று எழுதியிருக்கும். ஹைபோயிட் பல்லுக்கு ஜீஎல் 5 வேண்டும். அதில் கூடுதலாக உள்ள கந்தக, பொஸ்பரசு மருந்து, படலம் நசுங்கும் இடத்தில் பல்லைக் காப்பாற்றும். கியர்பெட்டிக்கு ஜீஎல் 4 கேட்கும் வாகனத்தில் மிச்சமாக இருக்கும் அந்த ஒயிலை அச்சுக்கும் ஊற்றுவது மலிவாகத் தெரியும். முடிவில் விலை கூடியது அதுதான்.

தடிப்பும் கைநூலில் சொன்னபடி இருக்க வேண்டும். 80 டபிள்யூ 90 போதும் என்ற அச்சுக்கு 140 ஊற்றினால் தொடக்கத்தில் சத்தம் குறைந்தது போலத் தெரியும். ஆனால் தடித்த ஒயிலைக் கடைவதாலேயே சூடு கூடலாம். பாரமான இழுவைக்கு 140 வேண்டும் என்று கைநூலே சொன்னால் தயங்காமல் அதையே ஊற்றுங்கள்.

மட்டம் மிக முக்கியம். வண்டி சமதரையில் நிற்க வேண்டும், ஒயில் ஆறியிருக்க வேண்டும். ஊற்றும் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை நின்றால் சரி. குறைந்தால் பல் காயும். கூடினால் கிறவுண் வீல் அதைத் தயிர் கடைவது போலக் கடைந்து நுரையாக்கும். நுரை சூட்டைக் கடத்தாது, சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். “கூட ஊற்றினால் நல்லது” என்ற நம்பிக்கை நமது கராஜ்களில் இன்னும் இருக்கிறது. அது தவறு.

ஒயிலின் ஆயுளுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. சூடு 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும். 90 பாகையில் ஓடும் ஒயில் 130 பாகையில் ஓடினால், பாதியின் பாதியின் பாதியின் பாதி, அதாவது பதினாறில் ஒரு பங்குதான் உழைக்கும். அதனால்தான் பாரமும் இழுவையும் உள்ள பாவனைக்குப் பல கைநூல்கள் ஒயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்துப் போடுகின்றன.

வடித்த ஒயிலைச் சாக்கடையில் ஊற்ற முன்னர், உண்மையில் ஊற்றவே கூடாது, ஒரு வெள்ளைத் தட்டில் எடுத்துப் பாருங்கள். காந்தத் தக்கையில் சாம்பல் நிறப் பசை இருந்தால் சாதாரணத் தேய்வு. விரலில் குத்தும் செதில் இருந்தால் பல்லோ பெயாரிங்கோ உடைகிறது. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

தண்ணீரும் உப்பும்

குடாநாட்டில் தண்ணீர் புகுவதற்கு வழி பல. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீதி முங்கும். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது யாழ்ப்பாணம் எப்படி முங்கியது என்பதைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். படகு ரெயிலரைக் கடலில் இறக்குபவர்களின் அச்சு ஒவ்வொரு நாளும் உப்புநீரில் முழுகுகிறது.

அச்சின் மேல் பிறீதர் என்று ஒரு சிறிய மூச்சுக்குழாய் இருக்கிறது. சூடான பெட்டி திடீரெனத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே உள்ள காற்றுச் சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சும். மூச்சுக்குழாய் சுத்தமாகவும் உயரமாகவும் இருந்தால் காற்றை உறிஞ்சும். சேற்றால் அடைபட்டிருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அடைபட்ட மூச்சுக்குழாயினால் சூட்டு நேரத்தில் உள்ளே அழுத்தம் ஏறி, ஒயிலைச் சீலால் வெளியே தள்ளுவதும் உண்டு. சீல் பழுது என்று மூன்று தடவை சீல் மாற்றுவார்கள். ஒரு கம்பியால் அந்த ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்தால் வேலை முடிந்திருக்கும். ஆனையிறவு, பண்ணை, சங்குப்பிட்டிப் பக்கம் நாளாந்தம் ஓடும் வாகனங்களுக்கு உப்புக்காற்றுத் துருவே இந்த வாயை அடைத்துவிடும். மாதம் ஒரு தடவை பாருங்கள்.

ரயரிலும் ஒரு சூடு இருக்கிறது

ஒரு பக்கம் புது ரயர், மறுபக்கம் தேய்ந்த ரயர் போட்டு ஓடுவது நமது வழக்கம். இரண்டுக்கும் ஆரையில் 10 மில்லிமீற்றர் வித்தியாசம் என்று வைத்துக் கொள்வோம், 400 க்கு 390. கொழும்பு போகும் 400 கிலோ மீற்றரில் சிறிய சில்லு மற்றதை விட ஏறத்தாழ 4000 சுற்றுக் கூடுதலாகச் சுற்ற வேண்டும். வளைவில் மட்டும் வேலை செய்யப் படைத்த உட்பற்கள், நேர் வீதியிலும் இடைவிடாமல் சுற்றிக்கொண்டே போகும். அவற்றின் வாசர் தேயும், ஒயில் சூடாகும். புது ரயர் இரண்டு வாங்கினால் பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டு, இரு பக்கமும் ஒரே அளவு வரும்படி சோடி சேருங்கள். காற்றையும் இரு பக்கமும் ஒரே அளவில் வையுங்கள்.

முறிகண்டியில் ஐந்து நிமிடம்

ஏ9 வீதியில் போகும் எல்லா வாகனங்களும் முறிகண்டியில் நிற்பது வழக்கம். கோயிலுக்கு நிற்பவர்கள் கோயிலுக்கு, மற்றவர்கள் கச்சானுக்கும் தேநீருக்கும். வடக்கே வருபவர் வவுனியாவிலிருந்து ஒரு மணித்தியாலமாவது ஓடி வந்திருப்பார். அச்சு தனது முழுச் சூட்டுக்கு வந்திருக்கும். சோதிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. சாரதிக்கு ஒரு சிறிய ஒளிக்கதிர் வெப்பமானி வாங்கிக் கொடுங்கள். தூரத்திலிருந்து அழுத்தினால் பாகை காட்டும். ஒவ்வொரு நடையிலும் ஒரே இடத்தில், ஒரே புள்ளியில் பிடித்து ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

பாரத்தோடு 70 முதல் 90 பாகை வரை காட்டினால் பயம் இல்லை. 100 ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். 120 ஐத் தாண்டினால் அன்றைய ஓட்டத்தை அங்கேயே குறைக்க வேண்டும். எண்ணை விட முக்கியமானது மாற்றம். வழக்கமாக 80 காட்டும் அச்சு இன்று 100 காட்டினால், வீதி அதேதான், பாரம் அதேதான் என்றால், உள்ளே எதுவோ மாறியிருக்கிறது.

சூடு எந்த இடத்தில் என்பதும் சேதி சொல்லும். பினியன் மூக்குப் பகுதி மட்டும் சூடென்றால் பினியன் பெயாரிங். ஒரு பக்க ஹப் மட்டும் சூடென்றால் பிறேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது சில்லுப் பெயாரிங். டிபரன்ஷலைத் திறந்து காசு செலவழிக்க வேண்டாம். பானை முழுவதும் ஒரே மாதிரிச் சூடென்றால் ஒயில், பாரம், அல்லது பல்.

வழியில் சூடேறிவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். வார்ப்பிரும்பு வெடிக்கலாம், சீலால் தண்ணீர் உள்ளே போகலாம். ஓரமாக நிறுத்தி, ஒரு மணித்தியாலமாவது ஆற விடுங்கள். சூட்டோடு தக்கையைக் கழற்றாதீர்கள், ஒயில் பீறி முகத்தில் அடிக்கும். ஆறிய பின்னர் மட்டத்தைப் பாருங்கள். பிறகு 40 கிலோ மீற்றர் வேகத்தில் கிட்ட உள்ள கராஜ் வரை மட்டும் போங்கள்.

கணக்கு யாருடையது?

கடைசியாக, வியாபாரம் சம்பந்தமான ஒரு வார்த்தை. லொறி சூடேறி நின்றால் பழி முதலில் சாரதி மேல் விழுகிறது. ஆனால் பாரத்தை ஏற்றியது யார்? “இன்னும் பத்து மூட்டைதானே” என்று கேட்பது சாமான்காரர். “சரி, போடு” என்பது முதலாளி. வழி முழுக்க அதைச் சுமந்துகொண்டு வருவது சாரதியும் அச்சும். சாமானின் நிறையைக் குறைத்துச் சொல்லி ஏற்றுவது அளவை நிறுவையில் மோசம் செய்வதற்குச் சமம் என்பதே எனது கருத்து. தராசில் ஏமாற்றாத வியாபாரி, லொறித் தட்டிலும் ஏமாற்றக் கூடாது.

மேலதிகப் பத்து மூட்டையால் கிடைக்கும் கூலியை ஒரு கொப்பியில் ஒரு பக்கம் எழுதுங்கள். மறுபக்கத்தில் பல் விலை, கராஜ் கூலி, வாகனம் நின்ற நாட்களின் லீசிங் தவணை, அழுகிய வெங்காயம், வாக்குத் தவறியதால் போன வாடிக்கையாளர் என்று எழுதுங்கள். எந்தப் பக்கம் பாரம் என்று கொப்பியே சொல்லும்.

சாரதி “முதலாளி, பின்னுக்கு ஒரு சத்தம்” என்று சொன்னால் கோபிக்காமல் கேளுங்கள். சொன்னால் ஏச்சு விழும் என்று பயந்து வாயை மூடிக்கொள்ளும் சாரதியை வைத்திருப்பதைப் போல ஒரு நட்டம் வியாபாரத்தில் இல்லை. ஐந்து லீற்றர் ஒயிலும், ஒரு வெப்பமானியும், வழியில் ஐந்து நிமிடமும் நமது முதலைக் காப்பாற்றப் போதும். அடுத்த நடைக்கு முன்னர் வண்டியைச் சமதரையில் நிறுத்தி அந்தத் தக்கையை ஒரு தடவை கழற்றிப் பாருங்கள்.